இன்ஃப்ளூயன்சர் சொன்ன கிரிப்டோ டோக்கனை வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூடியூபர், குத்துச்சண்டை வீரர், ஒரு நாட்டின் அதிபர் என்று யாராவது ஒருவர் பெயரோடு சேர்ந்து புதிய டோக்கன்கள் வந்துகொண்டே இருக்கின்றன. "இதில் ஒரு பத்தாயிரம் போட்டுப் பார்க்கலாமா?" என்று என்னிடம் கேட்பவர்களும் கூடிக்கொண்டே போகிறார்கள். என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். ஏன் என்று விளக்கமாகக் கேட்பவர்களுக்காக, வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்ஃப்ளூயன்சர் டோக்கன் என்றால் என்ன? பிட்காயின் மாதிரிதானே?

இரண்டும் பிளாக்செயின் என்ற பொது இணையப் பதிவேட்டில் ஓடுகின்றன என்பதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. இந்த டோக்கன்களில் பெரும்பாலானவை சொலானா, எத்தீரியம், பிஎன்பி ஸ்மார்ட் செயின் போன்ற ஏற்கெனவே இருக்கும் நெட்வொர்க்கின் மேல் சில நிமிடங்களில் உருவாக்கப்படுபவை. 2024 ஜனவரியில் பம்ப்.ஃபன் என்ற தளம் வந்த பிறகு, ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாதவர்கூட ஒரு பெயரும் ஒரு படமும் கொடுத்து டோக்கன் விட முடிகிறது.

நகைக்கடை விளம்பரத்தில் நடிகர் வந்தாலும் வராவிட்டாலும் கடையில் இருக்கும் தங்கம் தங்கம்தான். இங்கே அந்த நடிகரே சரக்கு. டோக்கனுக்குப் பின்னால் வருமானம் கிடையாது, சொத்து கிடையாது, பங்கு உரிமையும் கிடையாது. அந்தப் பிரபலத்தின் மேல் எவ்வளவு பேர் கண் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டுமே விலை. அந்தக் கவனம் பெரும்பாலும் அறிவிப்பு வந்த நாளில்தான் உச்சத்தில் இருக்கும். அதாவது, நீங்கள் கேள்விப்படும் நேரத்தில்.

ஹாக் டோக்கன் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அதில் என்ன நடந்தது?

ஹெய்லி வெல்ச் என்ற அமெரிக்க இளம்பெண் 2024 ஜூனில் நாஷ்வில் நகரத் தெருவில் எடுத்த ஒரு பேட்டித் துணுக்கால் ஒரே வாரத்தில் உலகம் முழுக்கத் தெரிந்தவர் ஆனார். அப்புறம் பாட்காஸ்ட் ஆரம்பித்தார். 2024 டிசம்பர் 4 அன்று அவரை முன்னிறுத்தி சொலானாவில் ஹாக் என்ற டோக்கன் வந்தது. கொஞ்ச நேரத்திலேயே அதன் மார்க்கெட் கேப், அதாவது மொத்த டோக்கன்களின் மதிப்பு, சுமார் 49 கோடி டாலரைத் தொட்டது. சில மணி நேரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அன்று மாலை வேலை முடிந்து வந்து செய்தியைப் பார்த்து வாங்கியவருக்கு மறுநாள் காலையில் கையில் ஒன்றும் இல்லை.

வாங்கியவர்களில் பலர் வெல்ச்சின் ரசிகர்கள். கிரிப்டோவையே அன்றுதான் முதல்முறை தொட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதே மாதம் 19ஆம் தேதி சில முதலீட்டாளர்கள் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். டோக்கனை வெளியிட உதவிய ஓவர்ஹியர் நிறுவனம், அதற்காக அமைக்கப்பட்ட அறக்கட்டளை, சம்பந்தப்பட்ட இருவர் ஆகியோர் மேல்தான் வழக்கு. வழக்குப் போட்டபோது வெல்ச்சின் பெயர் பிரதிவாதிகளில் இல்லை. அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி. தன் விசாரணையை எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் முடித்துக்கொண்டதாக 2025 மார்ச்சில் அவர் வழக்கறிஞர் சொன்னார். பிறகு அவரே தன் பாட்காஸ்டில், கிரிப்டோ பற்றித் தனக்கு அப்போது அதிகம் தெரியாது என்று பேசினார்.

அவர் சொன்னதை நம்பலாமா வேண்டாமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இன்னும் கவலைப்பட வேண்டும். முகம் கொடுத்தவருக்கே தெரியாத ஒரு பொருளை, அந்த முகத்தை நம்பி ஆயிரக்கணக்கானோர் வாங்கியிருக்கிறார்கள்.

49 கோடி டாலர் மதிப்பு இருந்தது என்கிறீர்கள். அவ்வளவு பணமும் எங்கே போனது?

அவ்வளவு பணம் எப்போதுமே அங்கே இருந்ததில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது விளங்கிவிடும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு டோக்கன், மொத்தம் 100 கோடி எண்ணிக்கை என்று வைப்போம். அதில் 1 கோடி டோக்கனையும் 1 லட்சம் டாலரையும் சேர்த்து லிக்விடிட்டி பூல் என்ற பொதுக் கணக்கில் போடுகிறார்கள். வாங்குபவர், விற்பவர் எல்லோரும் இந்தப் பூலோடுதான் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள். ஒரு டோக்கன் விலை 1 லட்சத்தை 1 கோடியால் வகுத்தால் வருவது, அதாவது ஒரு சென்ட். மொத்த 100 கோடி டோக்கனையும் ஒரு சென்டால் பெருக்கி "மார்க்கெட் கேப் 1 கோடி டாலர்" என்று திரையில் காட்டுவார்கள். ஆனால் வெளியே எடுக்கக்கூடிய பணம் பூலில் இருக்கும் அந்த 1 லட்சம் டாலர் மட்டும்தான்.

இப்போது, முன்கூட்டியே டோக்கன் வைத்திருக்கும் உள்ளாள் ஒருவர் மொத்தத்தில் வெறும் 1 சதவீதத்தை, அதாவது 1 கோடி டோக்கனை விற்கிறார். இந்தப் பூல்களில் பரவலாக இருக்கும் விதி, இரண்டு பக்க எண்ணிக்கையின் பெருக்குத்தொகை மாறக்கூடாது என்பது. டோக்கன் பக்கம் 2 கோடி ஆனால் டாலர் பக்கம் 50,000 ஆக வேண்டும். ஆக, அவர் 50,000 டாலரோடு வெளியேறுகிறார். புதிய விலை கால் சென்ட். 1 சதவீதம் விற்றதற்கே விலை 75 சதவீதம் விழுந்துவிட்டது. அவருக்கு அடுத்து இன்னொருவர் அதே 1 கோடி டோக்கனை விற்றால் அவருக்குக் கிடைப்பது 16,667 டாலர்தான். மூன்றாமவருக்கு இன்னும் குறைவு. மீதி 96 கோடி டோக்கன்? அவற்றை வைத்திருப்பவர்கள் திரையில் ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நிஜத்தில், இப்படி முதலில் வெளியேறுபவர் எடுத்துப்போகும் பணத்தில் பெரும்பகுதி, அவருக்குப் பின்னால் வாங்க வந்தவர்கள் பூலில் போட்டது. அறிவிப்பைப் பார்த்துவிட்டு வருபவர்கள் எல்லோரும் அந்தப் பின்னால் வந்தவர்கள்தான்.

அதனால் "மார்க்கெட் கேப் இவ்வளவு" என்று யாராவது சொன்னால் "பூலில் எவ்வளவு?" என்று திருப்பிக் கேளுங்கள். டெக்ஸ்ஸ்கிரீனர் போன்ற தளங்களில் இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவற்றுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் ஆபத்தின் அளவு.

அப்படியென்றால் அறிவித்த நொடியே வாங்கிவிட்டால் தப்பிக்கலாம் இல்லையா?

யாருக்கு முன்னால் வாங்கப்போகிறீர்கள்? சொலானாவில் ஒரு பிளாக்குக்கான (பரிமாற்றங்களின் ஒரு தொகுப்பு) இடைவெளி அரை நொடிக்கும் குறைவு. புது டோக்கன் பூலுக்கு வந்த கணமே வாங்குவதற்கென்று எழுதப்பட்ட பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள், இருக்கின்றன. இதற்கு ஸ்னைப்பிங் என்று பெயர். நீங்கள் பதிவைப் பார்த்து, வாலட்டை (டோக்கன்களை வைத்திருக்கும் செயலி) திறந்து, முகவரியை ஒட்டி, ஒப்புதல் கொடுப்பதற்குள் நூற்றுக்கணக்கான பிளாக்குகள் போயிருக்கும்.

பாட்களாவது பொதுப் பூலில் போட்டி போடுகின்றன. அதைவிட மோசம், அறிவிப்புக்கு முன்பே மலிவு விலையிலோ இலவசமாகவோ டோக்கன் வாங்கி வைத்தவர்கள். அந்தப் பிரபலம், அவருடைய மேலாளர், டோக்கனை வடிவமைத்த நிறுவனம், முன்விற்பனையில் இடம் பிடித்தவர்கள் என்று பட்டியல் போகும். அவர்களுக்கு உங்கள் விலை லாப விலை. யாருக்கு, என்ன விலையில், எவ்வளவு முன்னால் கொடுக்கப்பட்டது என்பதை அறிவிப்பைப் பார்ப்பவரால் முழுதாகத் தெரிந்துகொள்ளவே முடியாது. இந்த வியாபாரத்தில் எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

நான் பின்தொடர்பவர் உண்மையிலேயே நல்ல மனிதர். ஏமாற்றமாட்டார்.

இருக்கலாம். நானும் அவரைத் தவறாகப் பேசவில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கில் நல்லவர், கெட்டவர் என்று எங்கேயாவது வந்ததா? அவர் ஒரு டோக்கன்கூட விற்காமல் இருந்தாலும் மற்ற உள்ளாட்கள் விற்றால் அதேதான் நடக்கும்.

அர்ஜென்டினாவில் நடந்ததைப் பாருங்கள். 2025 பிப்ரவரி 14 அன்று அதிபர் ஹாவியேர் மிலே தன் எக்ஸ் கணக்கில் லிப்ரா என்ற டோக்கனைப் பற்றிப் பதிவிட்டார். நாட்டின் சிறு தொழில்களுக்கு நிதி திரட்டும் திட்டம் என்று அதில் இருந்தது. மார்க்கெட் கேப் 400 கோடி டாலரைத் தாண்டியது, சில மணி நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அவர் பதிவை நீக்கினார். திட்டத்தின் விவரம் தனக்குத் தெரிந்திருக்கவில்லை என்றார். பிறகு ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தான் அதை விளம்பரம் செய்யவில்லை, பகிர மட்டுமே செய்ததாகச் சொன்னார். 2025 ஜூனில் அந்நாட்டின் ஊழல் தடுப்பு அலுவலகம் அவர் மேல் தவறில்லை என்று முடிவு சொன்னது.

சரி, அவர் மேல் தவறில்லை என்றே வைப்போம். வாங்கியவர்களுக்கு என்ன ஆனது? நான்சென் என்ற பிளாக்செயின் ஆய்வு நிறுவனம், 1,000 டாலருக்கு மேல் லாபமோ நட்டமோ கண்ட வாலட்டுகளை எடுத்துப் பார்த்தது. 86 சதவீதம் நட்டம், மொத்தம் 25.1 கோடி டாலர். டோக்கனை வெளியிட்டவர்களில் முக்கியமானவரான ஹேடன் டேவிஸ், சுமார் 10 கோடி டாலர் தன் கையில் இருப்பதாக அவரே பேட்டியில் சொன்னார். ஓர் அதிபரின் வாக்கே வாங்கியவர்களைக் காப்பாற்றவில்லை.

"இது விளம்பரம்" என்று வெளிப்படையாகப் போட்டிருந்தால் சரியா?

அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் போட்டிருந்தார். 2021 ஜூனில் எத்தீரியம்மேக்ஸ் என்ற டோக்கனைப் பற்றி இன்ஸ்டாகிராமில் அவர் போட்ட பதிவில் விளம்பரம் என்ற ஹேஷ்டேக் இருந்தது. பெயர் எத்தீரியம் மாதிரி இருந்தாலும் எத்தீரியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 20 கோடிக்கும் மேல். வரலாற்றிலேயே அதிகம் பேரைச் சென்றடைந்த நிதி விளம்பரம் இதுவாக இருக்கலாம் என்று பிரிட்டனின் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைவர் அந்த ஆண்டு செப்டம்பரில் ஓர் உரையில் குறிப்பிட்டார்.

பிரச்சினை எதில் வந்தது? அந்தப் பதிவுக்கு அவர் 2,50,000 டாலர் வாங்கியிருந்தார். அந்தத் தொகையைச் சொல்லவில்லை. விளம்பரம் என்று மட்டும் சொன்னால் போதாது, எவ்வளவு வாங்கினீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும் என்றது எஸ்.இ.சி. 2022 அக்டோபரில் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் மொத்தம் 12.6 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கொண்டார். மூன்று ஆண்டுகள் கிரிப்டோ விளம்பரம் செய்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே, 2018இல், சென்ட்ரா டெக் என்ற நிறுவனத்துக்காகப் பணம் வாங்கியதைச் சொல்லாமல் விளம்பரம் செய்ததற்கு குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதரும் இசைக்கலைஞர் டிஜே காலிதும் இப்படிக் கட்டியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தை நடத்தியவர்கள் பிறகு மோசடி வழக்கில் சிறைக்குப் போனார்கள்.

விளம்பரம் என்று எழுதியிருப்பது உங்களுக்கு ஒரு தகவல் மட்டுமே: இவர் பணம் வாங்கிவிட்டார். டோக்கன் ஏறினாலும் இறங்கினாலும் அவர் பங்கு அவரிடம் இருக்கிறது. உங்கள் பங்கு மட்டும்தான் இன்னும் பூலில் கிடக்கிறது.

விலை விழுந்தால் வெளியிட்டவர்களுக்கும் நட்டம்தானே?

எப்போதும் அப்படி இல்லை. 2025 ஜனவரி 17 அன்று, பதவியேற்புக்கு மூன்று நாள் முன்னால், டொனால்ட் ட்ரம்ப் தன் பெயரில் டோக்கன் வெளியிட்டார். இரண்டே நாளில் 70 டாலரைத் தாண்டியது, ஏப்ரலில் 10 டாலருக்குக் கீழே இருந்தது. மொத்த டோக்கனில் 80 சதவீதம் அவரோடு தொடர்புடைய இரண்டு நிறுவனங்களிடம், மூன்று ஆண்டுகளில் படிப்படியாக விடுவிக்கப்படும் ஏற்பாட்டில் வைக்கப்பட்டது. இதெல்லாம் அவர்கள் இணையதளத்திலேயே எழுதியிருந்ததுதான், யாரும் மறைக்கவில்லை.

விலை ஒரு பக்கம் போக, ஒவ்வொரு வாங்கல் விற்றலிலும் ஒரு சிறு கட்டணம் பூலை அமைத்தவர்களுக்குப் போகிறது. ட்ரம்ப் டோக்கனில் முதல் சில மாதங்களில் இந்தக் கட்டணம் மட்டுமே சுமார் 32 கோடி டாலர் என்று செயினாலிசிஸ் என்ற பிளாக்செயின் ஆய்வு நிறுவனம் கணித்தது. பதறி விற்பவரும் கட்டணம் கட்டித்தான் விற்கிறார்.

வாங்கினேன், இப்போது விற்கவே முடியவில்லை. ஏன்?

சில டோக்கன்களில் விற்பதைத் தடுக்கும் வழி நிரலிலேயே இருக்கும். இதை ஹனிபாட் என்பார்கள். 2021இல் ஸ்குவிட் கேம் தொடர் பேரெடுத்த நேரத்தில், தொடருக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ அந்தப் பெயரில் ஒரு டோக்கன் விட்டார்கள். சில சென்ட்டில் இருந்தது 2,800 டாலருக்கு மேல் போனது. ஏறிக்கொண்டே இருந்ததற்குக் காரணம், வாங்கியவர்களால் விற்க முடியவில்லை என்பதுதான். நவம்பர் 1 அன்று சில நிமிடங்களில் பூஜ்யம். உருவாக்கியவர்கள் எடுத்துப்போனது சுமார் 33 லட்சம் டாலர். ஒருமுறைகூட இறங்காமல் நேர்கோட்டில் ஏறும் விலைப் படத்தைப் பார்த்தால் ஆசைப்படாமல் பயப்படுங்கள்.

அந்தப் பதிவை அவர்தான் போட்டார் என்று எப்படித் தெரியும்?

பல நேரம் அவர் போட்டதே இல்லை. 2024 ஆகஸ்டில் கால்பந்து வீரர் எம்பாப்பேயின் எக்ஸ் கணக்கைக் கைப்பற்றி அவர் பெயரில் ஒரு சொலானா டோக்கனை விளம்பரப்படுத்தினார்கள். அதே மாதம் மெக்டொனால்ட்ஸின் இன்ஸ்டாகிராம் கணக்கிலும் இதுவே நடந்தது. அதே ஆண்டு ஜனவரியில் எஸ்.இ.சி.யின் சொந்தக் கணக்கே கைமாறிப் பொய்ச் செய்தி வந்தது. நீல டிக் இருப்பதால் உண்மை என்று நினைக்க வேண்டாம். டிக் கணக்குக்குத்தான். அந்தக் கணக்கு இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

டீப்ஃபேக் வீடியோ இன்னொரு தலைவலி. இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி தானியங்கி டிரேடிங் செயலிகளைப் பாராட்டிப் பேசுவதுபோல் போலி வீடியோக்கள் சுற்றின. 2023 டிசம்பரில் அவரே எதையும் நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கை வெளியிட வேண்டி வந்தது.

வாங்குவதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்கலாம்?

சரிபார்த்தால் மோசமானவற்றைக் கழிக்கலாம். மிச்சம் இருப்பது நல்லது என்று அர்த்தம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சொலானா டோக்கன் என்றால் மின்ட் அதாரிட்டி, ஃப்ரீஸ் அதாரிட்டி என்ற இரண்டு உரிமைகள் இன்னும் யாரிடமாவது இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது இருந்தால் நினைத்த நேரத்தில் புது டோக்கன் அச்சடிக்கலாம், இரண்டாவது இருந்தால் உங்கள் டோக்கனை முடக்கலாம். ரக்செக் போன்ற இலவசத் தளத்தில் முகவரியை ஒட்டினால் சொல்லிவிடும். பூலில் போட்ட பணத்தை வெளியிட்டவரே திரும்ப எடுக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்களா, எத்தனை நாளைக்கு என்பதும் முக்கியம்.

அடுத்து, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது. சோல்ஸ்கேன், ஈத்தர்ஸ்கேன் தளங்களில் முதல் 20 வாலட்டுகளைப் பார்க்கலாம். ஆனால் ஓர் ஆள் ஐம்பது வாலட்டில் பிரித்து வைப்பது சர்வசாதாரணம். பட்டியல் பரவலாகத் தெரியும், பணம் ஒருவருடையதாக இருக்கும். பபிள்மேப்ஸ் தளம் வாலட்டுகளுக்கு இடையே நடந்த பரிமாற்றங்களைப் படமாகக் காட்டும், ஒரே கூட்டம் என்றால் ஓரளவு தெரியவரும். கெட்டிக்காரர்கள் அதையும் தாண்டுவார்கள்.

இன்னொன்று, இதுவும் பலர் கவனிப்பதில்லை: "இலவச ஏர்டிராப், வாலட்டை இணையுங்கள்" என்று இலவச டோக்கன் தருவதாகச் சொல்லும் இணைப்பு. அங்கே நீங்கள் கொடுக்கும் ஒரே ஒப்புதல் வாலட்டில் இருக்கும் மற்ற டோக்கன்களையும் எடுத்துப்போக வழி செய்துவிடும். வாலட்டின் சாவியான, 12 அல்லது 24 சொற்கள் கொண்ட சீட் ஃப்ரேஸை எந்த இன்ஃப்ளூயன்சரும், எந்த டெலிகிராம் அட்மினும் கேட்க ஒரு நியாயமான காரணம்கூட கிடையாது.

லாபம் பார்த்தவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். லிப்ராவில் லாபம் பார்த்த வாலட்டுகள் சேர்ந்து 18 கோடி டாலர் சம்பாதித்ததாக நான்சென் கணக்கிலேயே இருக்கிறது. உங்கள் திரையில் வருவது இப்படி வென்றவர்களின் ஸ்கிரீன்ஷாட். தோற்றவர் படம் போடுவதில்லை, வீட்டில்கூடச் சொல்வதில்லை.

இந்தியாவில் வரி எப்படி?

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் இரண்டாவது அடி வாங்குகிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். அந்த ஆண்டு ஜூலையிலிருந்து, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பரிமாற்றத்துக்கு 1 சதவீதம் டிடிஎஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு டோக்கனில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

ஒருவர் ஒரு டோக்கனில் 1 லட்சம் ரூபாய் லாபம் பார்க்கிறார், இன்னொன்றில் 1 லட்சம் இழக்கிறார் என்று வைப்போம். கையில் மிச்சம் ஒன்றும் இல்லை. வரி மட்டும் 31,200 ரூபாய். பிட்காயினைக் கொடுத்து டோக்கன் வாங்குவதும் ஒரு விற்பனையாகவே கணக்கில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த டோக்கன்கள் பெரும்பாலும் இந்திய எக்ஸ்சேஞ்சுகளில் கிடைக்காது. அதனால் டெலிகிராமில் யாரிடமோ பி2பி முறையில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக, யுஎஸ்டிடி என்ற டாலர் மதிப்புள்ள கிரிப்டோவை வாங்குகிறார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவரின் பணம் ஏதாவது மோசடியிலிருந்து வந்ததாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்து சைபர் போலீஸ் உங்கள் வங்கிக் கணக்கை முடக்கச் சொல்வார்கள். சம்பளம் வரும் கணக்கு முடங்கிப்போய், போன டோக்கனை மறந்து கணக்கை மீட்க அலைபவர்கள் நிறையப் பேர்.

ஏமாந்தால் சட்டம் காப்பாற்றாதா?

மெதுவாக, கொஞ்சமாக. எத்தீரியம்மேக்ஸ் வாங்கியவர்கள் கர்தாஷியன் உள்ளிட்டோர் மேல் போட்ட வழக்கை 2022 டிசம்பரில் நீதிபதி முதலில் தள்ளுபடி செய்தார். பிரபலங்களுக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது, அதே நேரம் முதலீட்டாளரும் நிதானமாக நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். 2025 பிப்ரவரி 27 அன்று எஸ்.இ.சி. அலுவலர்கள் வெளியிட்ட விளக்கத்தில், மீம்காயின்கள் (இப்படிக் கவனத்தை மட்டும் நம்பி ஓடும் டோக்கன்கள்) பொதுவாகப் பங்குப்பத்திரம் ஆகாது, வாங்குபவருக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். யூடியூபர் லோகன் பால் முன்னிறுத்திய கிரிப்டோஸூ விளையாட்டு வெளிவரவே இல்லை. 2024 ஜனவரியில் சுமார் 23 லட்சம் டாலருக்கு அதன் என்எஃப்டிகளை (பிளாக்செயினில் பதிந்த தனித்தனி டிஜிட்டல் பொருள்கள்) திரும்ப வாங்குவதாக அறிவித்தார், அதற்கும் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தத் திட்டத்தின் டோக்கனை வாங்கியவர்களுக்கு அதில் இடமில்லை.

இந்தியாவில் விளம்பரத் தரக் கவுன்சிலின் விதிப்படி 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விளம்பரங்களில், இவை ஒழுங்குபடுத்தப்படாதவை, ஆபத்தானவை, இழந்தால் முறையிட வழி இல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கை கட்டாயம். இன்ஃப்ளூயன்சர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் அது விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு, போன பணத்தை மீட்டுத் தரும் அதிகாரம் அதற்கு இல்லை. செபி பங்குச்சந்தை பற்றிப் பேசும் இன்ஃப்ளூயன்சர்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது, மீம்காயின் அதன் கைக்குள் வராது. இலங்கையில் மத்திய வங்கி 2021இலும் 2022இலும் கிரிப்டோவின் ஆபத்து குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. அங்கே கடன் அட்டை, டெபிட் அட்டை வழியாக வாங்குவதற்கும் அனுமதி இல்லை என்று அது சொல்லியிருந்தது.

என் தம்பி போடப்போகிறான். எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை.

திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் போடுவான். பக்கத்தில் உட்கார்ந்து அந்த டோக்கனின் பூல் அளவையும் மார்க்கெட் கேப்பையும் எழுதி, மேலே போட்ட கணக்கை அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். "இந்த 1 சதவீதம் யாரிடம் இருக்கிறது, அவர் எப்போது விற்பார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாது என்று அவன் வாயிலிருந்தே வரட்டும்.

அப்படியும் போடுவேன் என்றால், தனி வாலட்டில், முழுக்கப் போனாலும் வீட்டுச் செலவைத் தொடாத தொகையை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். கடன் செயலியில் எடுத்த பணம், கல்லூரிக் கட்டணம், அக்கா நகையை வைத்து வாங்கிய பணம் எதுவும் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டோக்கன் பூஜ்யமானால் அன்றோடு முடிந்தது. கடனுக்கு மாதாமாதம் வட்டி ஓடும்.

பணம் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

விலை விழுந்ததால் போனது என்றால் பெரும்பாலும் எடுக்க வழியில்லை, கஷ்டமாக இருந்தாலும் அதுதான் நிலவரம். "சராசரி குறையட்டும்" என்று மேலும் வாங்காதீர்கள். வரிக் கணக்குக்காகப் பரிமாற்ற விவரங்களை மட்டும் இறக்கி வையுங்கள்.

போலிக் கணக்கு, போலிச் செயலி, வாலட்டைத் துடைத்த இணைப்பு என்றால் அது குற்றம். இந்தியாவில் உடனே 1930 எண்ணை அழையுங்கள், சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்தில் புகார் பதியுங்கள். வங்கி வழியாகப் போன பணத்தை முதல் சில மணி நேரத்தில் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. பரிமாற்ற ஹாஷ் (பரிமாற்றத்தின் அடையாளக் குறியீடு), வாலட் முகவரி, யூபிஐ எண், டெலிகிராம் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகே குழுவிலிருந்து வெளியேறுங்கள், முதலில் வெளியேறிவிட்டால் அவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். வாலட்டில் மிச்சம் ஏதாவது இருந்தால் புதிய சீட் ஃப்ரேஸ் உள்ள வேறு வாலட்டுக்கு மாற்றுங்கள், பழையதில் கொடுத்த ஒப்புதல்களை ரத்து செய்யுங்கள்.

நீங்கள் பணம் இழந்ததைப் பொதுவில் எழுதிய ஓரிரு நாளில் "உங்கள் கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது வருவார்கள். முன்பணம் கேட்பார்கள், இல்லாவிட்டால் சீட் ஃப்ரேஸ் கேட்பார்கள். பல நேரம் முதலில் ஏமாற்றிய அதே கூட்டம்தான் வேறு பெயரில் வருகிறது. பதிலே போடாமல் பிளாக் செய்துவிட்டு, அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும் 1930இல் கொடுத்த புகாரோடு சேர்த்துவிடுங்கள்.